அரிப்பு நாய்க்கு, மருந்து மண்ணுக்கு

"சொறி நாய்"னு ஒரு வசவு இருக்குதுங்க. மனுசனைத் திட்டவும் எங்க ஊர்ல அதையேதான் எடுப்பாங்க. முடி கொட்டி, தோல் கருத்து, நின்ன இடத்துல சொறிஞ்சுக்கிட்டே இருக்குற நாயை எந்த வாசல்லயும் அண்ட விடமாட்டாங்க. கல்லு விழும், சில வீட்டுல சுடுதண்ணியும் விழும். அதுக்கு என்ன வியாதின்னு யாரும் நின்னு பார்க்கிறதில்ல. பேரு வெச்சாச்சு, அவ்வளவுதான்.

போன தை மாசம் எங்க செவலைக்கும் அந்தப் பேரு வந்துச்சு. நாட்டு நாய், நாலு வயசு. கொறங்காட்டுப் பட்டியில கிடக்குற முப்பது செம்மறிக்கு ராத்திரி காவல் அதுதான். முதல்ல வாலடியில முடி போச்சு. அப்புறம் இடுப்பு, பின்னந்தொடை. பட்டிக்கு வெளியில கட்டில் போட்டுப் படுத்தா, அது தன்னையே கடிச்சுக்கிற சத்தம் விடிய விடியக் கேட்கும். நரி வந்தாக்கூட அது கவனிக்கிற நிலைமையில இல்ல.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்துட்டு, "தம்பி, இது ஆட்டுக்கும் ஒட்டிக்கும். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு"ன்னாரு. அவரு கெட்டவரு இல்லைங்க. இங்க வழக்கமே அதுதான். ஆனா காங்கயம், வெள்ளகோவில் சுத்துவட்டாரத்துல நாய்க் கூட்டம் பட்டியில புகுந்து ஆடுகளைக் கடிச்சுப் போடுறதை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. செத்த ஆடுகளோட விவசாயிங்க ரோட்டுக்கே வந்து போராடினாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வர்ற நாய் எங்க போகும்? பசிச்சா அந்தக் கூட்டத்தோடதான் சேரும். ஒரு அரிப்பைப் பார்க்கச் சோம்பல்பட்டு, நம்ம காவல் நாயையே நம்ம பட்டிக்கு எதிரியா ஆக்கிடுறோம்.

வேற யோசனைகளும் வந்துச்சு. டிராக்டர்ல வடிச்ச பழைய ஆயிலைப் பூசுங்கன்னு ரெண்டு பேரு. ஊர்ல ரொம்ப காலமா நடக்குறதுதான். ஆனா நாய் உடம்பை நக்கும், அந்த ஆயில் வயித்துக்குள்ள போகும், புண்ணான தோல் வழியாவும் இறங்கும். இன்னொருத்தர் அவங்க நாய்க்கு மாசம் ஒரு ஊசி போடுறதாச் சொன்னாரு. போட்ட ரெண்டாம் நாள் அரிப்பு நின்னுருதாம், மூணு வாரத்துல திரும்ப வந்துருதாம். அந்த நாயைப் பார்த்தேன். வயிறு தொங்கி, தண்ணிய மொடக்கு மொடக்குன்னு குடிச்சுக்கிட்டு, தோல் காகிதமாட்டம் இருந்துச்சு. அது ஸ்டீராய்டு ஊசின்னு பின்னால தெரிஞ்சுது.

செவலையை வண்டியில ஏத்தி கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். சின்ன வயசு டாக்டரம்மா. முதல்ல தோலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டுல வெச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. சொறிப் பூச்சி இல்ல. அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு விரிச்சு, அது மேல நாயோட முடியை வாரினாங்க. கருப்பு கருப்பா மிளகுத்தூளாட்டம் உதிர்ந்துச்சு. ஒரு நிமிசத்துல அந்தத் துணுக்கைச் சுத்திச் செவப்பாக் கரைஞ்சுது. "இது மண்ணு இல்லைங்க, தெள்ளுப்பூச்சியோட எச்சம். உங்க நாய் ரத்தம்தான்"னாங்க.

செவலைக்கு இருந்தது தெள்ளுப்பூச்சி அலர்ஜி. எல்லா நாயையும் தெள்ளு கடிக்கும், கொஞ்சம் சொறிஞ்சுட்டுப் போயிரும். சில நாய்க்கு அந்தப் பூச்சியோட எச்சில் ஒத்துக்காது. ரெண்டு மூணு கடி போதும், நாள்கணக்குல அரிக்கும். வாலடியில ஆரம்பிச்சாலே முதல்ல இதைத்தான் சந்தேகப்படணுமாம். அலர்ஜி ஆட்டுக்கு ஒட்டாது, மனுசனுக்கும் ஒட்டாது. தெள்ளு மட்டும்தான் தாவும்.

அவங்க சொன்ன அடுத்த விசயம்தான் முக்கியம். நாய் மேல நாம பார்க்குற தெள்ளு நூத்துல அஞ்சு பங்குதான். மீதி முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா நாய் படுக்கிற இடத்துல கிடக்குது. ஒரு தெள்ளு ஒரு நாளைக்கு நாப்பது முட்டை வரைக்கும் போடும். முட்டை முடியில ஒட்டாது, மண்ணுல உதிர்ந்துரும். கூட்டுக்குள்ள மாசக்கணக்குல சும்மா கிடந்து, பக்கத்துல சூடும் அதிர்வும் தெரிஞ்சதும் வெளியில வந்து தாவும். நாய்க்கு மட்டும் மருந்து குடுத்துட்டு மண்ணை விட்டா, களை வேரை விட்டுட்டுத் தலையை மட்டும் அறுக்குற கதைதான்.

செவலைக்குத் தெள்ளு மாத்திரை எடை பார்த்துக் குடுத்தாங்க. அரிப்பு அடங்க ஒரு வாரத்துக்கு மட்டும் வேற மாத்திரை, புண்ணுக்கு மருந்து. மீதி வேலை எங்களுது. அது படுத்த இடத்துல மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் செதுக்கி அள்ளி எரிச்சோம். சாக்குகளைக் கொதிக்குற தண்ணியில போட்டு வெயில்ல காயவெச்சோம். பட்டி இடத்தை மாத்தினோம். டாக்டரம்மா சொன்ன அளவுல மருந்து கலந்து, ஆட்டை வெளியில ஓட்டிட்டு, பழைய பட்டியில அடிச்சோம். வீட்டுப் பூனைக்குத் தனி மருந்து. இதை மட்டும் மறந்துராதீங்க: நாய்க்கு விக்கிற சில தெள்ளு மருந்துல பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விசம், உயிரே போயிரும்.

பத்து நாள்ல கடிக்கிறது குறைஞ்சுது. ஆனா கூட்டுப்புழு ஒவ்வொண்ணா வெளியில வந்துக்கிட்டே இருக்கும், அதனால மூணு மாசம் விடாம மருந்து குடுக்கணும்னாங்க, குடுத்தோம். சித்திரையில வாலடியில பொசுபொசுன்னு முடி முளைச்சிருச்சு.

டவுன்ல இருக்குற உங்க நாய்க்கு மண்ணும் பட்டியும் இருக்காது, ஆனா அரிப்பு இருக்கும். கோயமுத்தூர்ல என் சிநேகிதர் வீட்டு லேப்ரடார் பாதத்தை நக்கி நக்கி வெள்ளை முடி துருப்பிடிச்ச நிறமாயிருச்சு. காது அடிக்கடி நாறும். சோறுதான் ஆகலைன்னு சோத்தை நிறுத்திட்டாங்க. அரிசியால அலர்ஜி வர்றது அபூர்வம். மாட்டுக்கறி, பால், கோழிக்கறி, கோதுமை இதுகதான் அதிகம். சாப்பாடுதான் காரணமான்னு தெரியணும்னா, இதுவரைக்கும் தின்னாத ஒரு கறி, கூட ஒரு மாவுப் பொருள், எட்டு வாரம் அது மட்டுமே குடுத்துப் பார்க்கணும். அவங்க வீட்டுல அஞ்சாவது வாரம் பாட்டி தினமும் சாயங்காலம் பால்ல நனைச்ச மாரி பிஸ்கட் குடுத்துக்கிட்டிருந்தது தெரிஞ்சுது. மறுபடி முதல்ல இருந்து எட்டு வாரம். கடைசியில சாப்பாடு காரணமில்ல, வீட்டுத் தூசியில இருக்குற கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்னு முடிவாச்சு. அது முழுசாத் தீராது. வெளியில போய்ட்டு வந்தா பாதத்தைக் கழுவித் துடைக்கணும், படுக்கையை வாராவாரம் சுடுதண்ணியில துவைக்கணும், டாக்டர் சொன்ன ஷாம்பூவைப் பத்து நிமிசம் ஊறவெச்சுக் குளிப்பாட்டணும். நம்ம சோப்பு அதோட தோலுக்கு ஆகாது. நம்ம வீட்டு மாத்திரை டப்பாவையும் தொறக்காதீங்க. பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் மாதிரி மாத்திரைக நாய்க்கு ஆபத்து.

அரிக்குதுன்னு நாய் சொல்லாதுங்க, சொறியத்தான் செய்யும். எங்க சொறியுது, எந்த மாசம் சொறியுது, எங்க படுத்து எந்திரிச்சா சொறியுதுன்னு ஒரு வாரம் பார்த்து எழுதிவெச்சுட்டுப் போனீங்கன்னா, டாக்டருக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஐப்பசி மழை முடிஞ்சு ஈரம் காயறப்பதான் தெள்ளு பெருகுது. இந்த வருசம் அதுக்கு முன்னாடியே பட்டி மண்ணைச் செதுக்கிரணும்னு இருக்கேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அவரு பட்டிக்கு மம்முட்டி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.