ஒரு புழுவும் அதன் பழைய சொத்தும்

ஆய்வகச் சுண்டெலியின் சிறுகுடல் முற்பகுதியில், செந்நிறச் சுருள்வில் போலச் சுருண்டு கிடக்கும் உருளைப்புழு ஒன்றுண்டு. ஹெலிக்மோசொமாய்டெஸ் பேக்கெரி என்பது அதன் பெயர். (ரொட்டிக் கடைக்கும் அதற்கும் தொடர்பில்லை, விடுதி நண்பர்கள் இதைக் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.) நாள்பட்ட புழுத்தொற்றைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பங்கு இப்புழு தந்தது. ஐரோப்பியக் காட்டெலிகளில் வாழும் பாலிகைரஸ் என்னும் புழுவின் துணையினமாகவே பலர் இதை நெடுங்காலம் எண்ணினர். 2023இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஒப்பீடு, இவ்விரண்டும் குறைந்தது பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று காட்டியது.

பெயர்த் தகராறோடு இது முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. எலியின் நோயெதிர்ப்போடு நேரடியாக மோதும் புரதங்களுக்கான மரபணுப் பகுதிகளில், ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மிகவும் வேறுபட்ட வடிவங்கள் அருகருகே நிலவுகின்றன. அவற்றுட் பல, இரு சிற்றினங்களும் பிரிவதற்கு முன்பே தோன்றியவை. பாகப்பிரிவினைக்குப் பின்னும் பாட்டன் காலத்துப் பாத்திரங்கள் இரு வீட்டிலும் புழங்குவதைப் போன்றது இது. அவற்றை அழியவிடாமல் வைத்திருப்பது சமநிலைத் தேர்வு என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு வடிவம் பெருகினால் எலிகளின் உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். அப்போது அரிய வடிவத்துக்கு வாய்ப்புக் கூடும் என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

இப்புழுவின் சூழ்ச்சி சாதாரணமானதன்று. பாலூட்டிகளின் உடலில் அழற்சியைத் தணிக்கும் டி.ஜி.எஃப்-பீட்டாவைப் போலவே செயற்படும் ஒரு புரதத்தை அது சுரக்கிறது. இரண்டின் அமினோ அமில வரிசைக்கும் உறவே இல்லை. ஆயினும் அதே ஏற்பிகளைப் பற்றி, அதே கட்டளையைப் பிறப்பிக்கிறது, எதிர்ப்பு அடங்கிவிடுகிறது. நம் பாடநூல்கள் எலியை ‘விருந்தோம்பி’ என்பது எவ்வளவு பொருத்தம்!

"ஆய்வகத்தில் சுண்டெலி இருக்க, வயலெலி எதற்கு?" என்று என் ஆய்வுக்குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். ஆய்வகத்தில், வயிறார உண்ட, ஒரே மரபைச் சேர்ந்த எலிகளுக்கு வழக்கமாக 200 இளம்புழுக்களை ஒரே தடவையில் புகட்டுகிறோம். வெளியில் வாழும் எலியோ சிறிது சிறிதாக, வாழ்நாள் முழுதும் விழுங்குகிறது. பசியோடும் சினையோடும் வேறு ஒட்டுண்ணிகளோடும். ஸ்காட்லாந்துக் காட்டெலிகளுக்குச் சத்துணவு கொடுத்தபோது புழுச்சுமையே குறைந்தது. அந்தப் பழைய வடிவங்களைக் காத்துவந்தது இத்தகைய வாழ்க்கையே, கூண்டு அன்று. இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

அவர் கவலை செலவைப் பற்றியது. அதில் நியாயம் உண்டு. நிதி ஓராண்டுக்கே இருக்கிறது. கோதுமை அறுவடை முடிந்ததும், இங்குள்ள வயலெலிகளின் புழுக்களிலும் அத்தகைய பழஞ்சொத்து உண்டா என்று தேடப் போகிறேன்.