சீலாவும் ஒரு சர்வேயிங் அரியரும்!

'பைக் பிடிக்கிறதைப் பத்தி எழுதப் போறேன்'னு சொன்னதும், 'ஸ்ப்ளெண்டரா, பல்சரா?' என்றார்கள் கிளாஸ் ஃப்ரெண்ட்ஸ். இல்லை மக்களே, இது மீன்! இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் ஏரிகளில் இருக்கும். நீள உடம்பு, வாத்து மூக்கு மாதிரி வாய், உள்ளே முழுக்கப் பல். செடிக்குள் அசையாமல் நின்று, சின்ன மீன் வந்தால் ஒரே பாய்ச்சல். அதைப் போட்டில் உட்கார்ந்து ஃப்ளை ஃபிஷிங்கில் பிடிப்பது அங்கே தனி கெத்து. புழு கிடையாது. முள்ளில் இறகையும் ரோமத்தையும் கட்டி, குட்டி மீன் மாதிரி ஏமாற்றுவார்கள். இறகுக்கு வெயிட் ஏது? அதனால் கயிறையே கனமாகச் செய்து, சாட்டை மாதிரி சுழற்றி வீசுவார்கள்.

நம்ம ஊரில் பைக் இல்லை. ஆனால் பெசன்ட் நகர் கடலில் அதே ஜாடையில் ஒருத்தர் இருக்கிறார். சீலா! (சொந்தமெல்லாம் கிடையாது, சும்மா முகவெட்டு.)

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வாடைக்காத்து ஓய்ந்திருந்தது. தி.நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, விடிகாலை நாலு மணிக்கு ஊரூர் குப்பத்தில் ஆஜர். 2004 சுனாமிக்கு அப்புறம் இங்கே கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட்டுதான் அதிகம். போட்டுக்கார அண்ணன், அவர் தங்கச்சி பையன், நான். பையனுக்கு என் வயசுதான். வேறொரு காலேஜில், என்னைப் போலவே சிவில்! மூணு அரியர். எக்ஸாம் ஃபீஸ் கட்ட திங்கட்கிழமை கடைசி நாள். 'இன்னிக்கு மாட்டுறதுதான் ஃபீஸு' என்றான் சிரிச்சிக்கிட்டே.

அலையைத் தாண்டுகிற ரெண்டு நிமிஷம் பற்றி எழுதப் போவதில்லை. முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாவும் அந்த ரெண்டு நிமிஷத்தோடு சரி.

வெளிச்சம் வந்ததும் அண்ணன் கரையையே பார்த்துக்கொண்டு போட்டை ஓட்டினார். மேற்கே பரங்கிமலை, அஷ்டலட்சுமி கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னாடி வரணும். வடக்கே லைட் ஹவுஸ், இன்னொரு கட்டடத்தோடு ஒட்டி வரணும். (எந்தக் கட்டடம்னு எழுதக்கூடாதுன்னு ஆர்டர்!) ரெண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் தண்ணிக்கு அடியில் பார். பாறை இருக்கிற இடத்தை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சின்ன மீன் அங்கே ஒதுங்கும், அதைத் தேடி சீலா வரும்.

'டேய், இது ரீசெக்‌ஷன்டா! சர்வேயிங்ல வருமே!' என்றேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. 'அதுலதான் மச்சி அரியரே.'

'இப்ப மலையவே மறைக்கிற மாதிரி பில்டிங் கட்டிக்கினே போறானுங்க. ஜிபிஎஸ் இல்லாதவன் என்னா தம்பி பண்ணுவான்?' என்றார் அண்ணன்.

தூண்டிலைப் பார்த்தால் அசல் ஃப்ளை! முள்ளில் கோழி இறகு, கொஞ்சம் பளபள ஜிகினா. முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி. சீலா பல்லில் பட்டால் நைலான் நரம்பு அறுந்துவிடும். பைக் பிடிக்கிறவர்களும் இதே காரணத்துக்குக் கம்பிதான் கட்டுவார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: ராடும் இல்லை, சுழற்றலும் இல்லை. போட்டு மெதுவாகப் போக, பின்னாடி நரம்பைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டே போவது.

பையன் மூணு சீலா எடுத்தான். எல்லாம் முழங்கை நீளம். அப்புறம் நரம்பு என் கைக்கு வந்தது. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு வெட்டு! விரலை அறுத்துக்கொண்டு நரம்பு ஓடியது. தூரத்தில் வெள்ளியாக ஒரு உடம்பு தண்ணியை விட்டு எகிறியது. சத்தியமா என் கால் நீளம்.

'தொய்ய விடாத! தொய்ய விடாத!'

விட்டுட்டேன். வலி தாங்காமல் ஒரு செகண்ட் பிடியைத் தளர்த்தினேன். நரம்பு லேசானது. முள் அப்படியே திரும்பி வந்தது, பாதி இறகோடு.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பையன் முள்ளில் புது இறகு கட்ட ஆரம்பித்தான். பத்து மணி வரை சுற்றியும் வேறெதுவும் கடிக்கவில்லை. திரும்பும்போது அடையாறு முகத்துவாரம் பக்கம், 1977-ல் உடைந்த புரோக்கன் பிரிட்ஜைக் காட்டி ஏதோ ஜோக் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரையில் அவன் அம்மா மூணு சீலாவையும் ஒரே பேரத்தில் விற்றார். டீசல் காசு போக மிஞ்சினது ரெண்டு பேப்பருக்குத்தான் வரும். 'மீதிய நான் தரேன்டா' என்றேன். 'காசு வேணாம். சர்வேயிங் நோட்ஸ் இருந்தா குடு' என்றான்.

ஞாயிற்றுக்கிழமையே ஜெராக்ஸ் எடுத்து, பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தேன். ரீசெக்‌ஷன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதுக்கா இத்தினி பக்கம்?' என்றான்.