பின் டயரைப் பெருசாக்கின கதை

போன மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். பஸ்ஸிலோ ரயிலிலோ இல்லை, மச்சான் ரொம்ப வருஷமா வச்சிருந்த வெள்ளை கான்டெஸா காரில். தூசி தட்டி, இன்ஜின் வேலை பார்த்து, அவனே ஓட்டிக்கிட்டு வந்துட்டான். தேவிபட்டினத்துக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்க ஊருக்குள்ள அந்த நீளக் கார் நுழைஞ்சதும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க எல்லாம் எங்க வாசலில்தான்.

கான்டெஸாவை இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அம்பாசடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை செஞ்ச கார். நீளமான மூக்கு, அகலமான உடம்பு, பின் சக்கரம் தள்ளுற வண்டி. 'கான்டெஸா கிளாசிக்'னு பின்னால் வந்ததில் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின். அமெரிக்காவில் மஸ்டாங், கமேரோன்னு ஓடுற 'மசில் கார்'களோட சாயல் இருக்கிறதால, நம்ம நாட்டு மசில் கார்னு இதைச் சொல்றாங்க. அந்த அமெரிக்க வண்டிகளுக்குப் பின் டயர் தடியா இருக்கும். இன்ஜின் பலம் முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போறதால, எடுத்த எடுப்பில் சக்கரம் வழுக்காம தரையைப் பிடிக்கணும், அதுக்காக.

சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பிச்சான். "மாமா, பின்னாடி ரெண்டு டயரையும் பெருசாப் போடலாம்னு இருக்கேன். பார்க்கவும் கெத்தா இருக்கும், கிரிப்பும் கிடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "மாப்ள, இதே வேலையை உன் மாமன் 2009லயே பார்த்துட்டான்டா"ன்னேன்.

எங்க வீட்டில் அப்பா 1996இல் கடன் போட்டு வாங்கின மேசி 1035 டிராக்டர் இருக்கு. அதுக்குப் பின்னாடி வந்த டயர் 12.4-28. அதாவது டயர் அகலம் 12.4 அங்குலம், ரிம் விட்டம் 28 அங்குலம். 2009 ஆவணியில் அந்த டயர் பட்டன் தேஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு. சீமைக்கருவேல முள் குத்திக் குத்தி டியூப்பில் ஒட்டுப் போட இடமில்லை. புதுசு வாங்கப் பணம் புரளலை. அப்பத்தான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில், பெரிய டிராக்டரிலிருந்து கழட்டின 14.9-28 டயர் ஒரு ஜோடி பாதி விலைக்குக் கிடைச்சுது. ரிம் அளவு அதே 28தானே, உட்கார்ந்துரும்னு நெனச்சேன். பணம் மட்டும் காரணம்னு சொன்னா பொய். பக்கத்து ஊர்க்காரர் பெரிய வண்டி வாங்கி வாடகை உழவெல்லாம் அவருக்கே போய்க்கிட்டிருந்த நேரம். என் வண்டியும் பெருசாத் தெரியணும்னு ஒரு ஆசை.

டயர் உட்கார்ந்துச்சு. ஆனா மட்கார்டில் உரசுச்சு. சுத்தியலை எடுத்து மட்கார்டைத் தட்டி வெளிப்பக்கமா ஒதுக்கினேன். தாங்குற பட்டை ஒன்று குறுக்கே வந்துச்சு, அதையும் அறுத்து விட்டேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார், ஒண்ணும் சொல்லலை.

எங்க பக்கம் புழுதி விதைப்பு. மழைக்கு முன்னாடியே, ஆவணி கடைசி, புரட்டாசியில் காய்ஞ்ச நிலத்தை உழுது நெல்லை விதைச்சுட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். மண்ணு மாவா உடையணும், அதுதான் முக்கியம். ரொட்டவேட்டரைப் போட்டு ரெண்டு ஏக்கர் ஓட்டினேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது. அட, பரவாயில்லையேன்னு நெனச்சேன். இறங்கிப் பார்த்தா முழுக்கக் கட்டி.

காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. பெரிய டயரோட விட்டம் ஏறக்குறைய நாலு அங்குலம் கூட. ஒரு சுத்துக்கு வண்டி எட்டு சதவீதம் தூரம் கூடப் போகும். ஆனா ரொட்டவேட்டர் கத்தி சுத்துற வேகம் இன்ஜினிலிருந்து நேரா வர்றது, அது மாறாது. அதனால ஒவ்வொரு வெட்டும் தடியா விழுந்து, மண்ணு கட்டியா நின்னுருச்சு. இழுவையும் அதே எட்டு சதவீதம் குறைஞ்சுபோகும். மூணாவது கியரில் ஏறின வரப்புக்கு ரெண்டாவது கியர் தேவைப்பட்டுச்சு. இதுல இன்னொரு கூத்து, 14.9 டயருக்கு இன்னும் அகலமான ரிம் வேணும். என் குறுகின ரிம்மில் டயர் உருண்டையா உப்பிக்கிச்சு. நடுப் பட்டன் மட்டும் தரையில் பட்டுச்சு. காசு கொடுத்து வாங்கின அகலம் மண்ணைத் தொடவே இல்லை.

அதோட போயிருந்தா நட்டத்தோட முடிஞ்சிருக்கும். மறுநாள் விதைநெல் மூட்டையோட வயலுக்குக் கிளம்பினோம். எங்க ஊரில் மட்கார்டில் உட்கார்ந்து போறது ரொம்ப சாதாரணம். தப்புதான், ஆனா எல்லாரும் போவோம். அப்பா இடதுபக்க மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். கண்மாய்க் கரை ஏத்தத்தில் வண்டி சாஞ்சப்போ டயர் பட்டன் மட்கார்டு விளிம்பைக் கவ்விருச்சு. பட்டை அறுத்த இடம் தாங்கலை. தகரம் முறுக்கிக்கிட்டுப் போக, அப்பா கரைச் சரிவில் விழுந்தார். நான் கிளட்சை மிதிச்சு நிறுத்துறதுக்குள்ள, அவர் காலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி.

இடது மணிக்கட்டு முறிஞ்சுது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வெளியே வரும்போது, என்னைத் திட்டவே இல்லை. "சுத்தியலை எடுத்தப்பவே வண்டி சொல்லிருச்சுல்லப்பா, எடம் இல்லன்னு" அப்படின்னார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் அந்த ரெண்டு ஏக்கரில் பயிர் திட்டுத்திட்டா வந்துச்சு. நெல்லு கட்டிக்கு இடையில் ஆழமா விழுந்து, பாதி முளைக்கலை. வீட்டில் நகையை அடகு வச்சு 12.4 டயரே புதுசா வாங்கிப் போட்டேன். சேத்து உழவுக்குக் கேஜ் வீல் மாட்டிக்கிட்டேன். சேத்துல பிடிக்கிறது அந்த இரும்புச் சக்கரம்தான், ரப்பர் அகலம் இல்லைங்கிறதை அதுக்கப்புறம்தான் கத்துக்கிட்டேன்.

மறுநாள் மாப்ளையைக் கூட்டிக்கிட்டு அரிச்சல்முனைக்குப் போனேன். இப்ப கடல் நடுவில் வழவழன்னு ரோடு, 2017இல் திறந்தது. அதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்தோட தார் ரோடு முடிஞ்சுரும். அங்கிருந்து 1964 புயலில் அழிஞ்ச தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணியிலும் பழைய வேன்தான் போகும். நான் அப்படி ஒருதடவை போனப்போ டிரைவர் டயரில் காத்தைப் பாதியா இறக்கித்தான் வச்சிருந்தார். "காத்து குறைஞ்சா டயர் பரந்து உட்காரும்ணே, மணல்ல புதையாது"ன்னார். அதே டயர்தான், ஆனா மணலில் மட்டும் அகலமாயிருச்சு. பைசா செலவில்லை. தார் ரோடு வந்ததும் திரும்ப அடிச்சுக்கணும், இல்லேன்னா டயர் சூடேறிக் கெட்டுரும்.

"உன் கார் எந்த மண்ணுல ஓடப்போகுது?"ன்னு கேட்டேன்.

"ஈ.சி.ஆர்.ல மாமா."

"அங்க வழுக்குதா?"

பேசாம இருந்தான்.

போடவே கூடாதுன்னு நான் சொல்லலை. ரிம் அகலம் ஒத்துக்குதான்னு பாரு. வெறும் வண்டியில் அளக்காதே, பின் சீட்டில் ஆளை ஏத்தி ஸ்பிரிங் அமுங்கினப்புறம் மட்கார்டு இடைவெளியைப் பாரு. விட்டம் கூடினா ஸ்பீடாமீட்டரும் ஏமாத்தும். எட்டு சதவீதம் கூடினா முள் 60 காட்டும்போது நீ 65இல் போய்க்கிட்டிருப்பே. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. நாளைக்கு ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் முதலில் டயரைத்தான் பார்ப்பான். இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன்.

போன வாரம் போன் பண்ணினான். "மாமா, நாலு பேரைப் பின்னாடி உட்கார வச்சுப் பார்த்தேன். டயருக்கும் தகரத்துக்கும் நடுவுல ரெண்டு விரல்தான் போகுது."

"அப்புறம்?"

"அதே சைஸ்ல புது டயர் போட்டுட்டேன். தாத்தாகிட்ட சொல்லிருங்க."

அப்பா திண்ணையில்தான் இருந்தார். சொன்னேன். இடது கையைத் தடவிக்கிட்டே, "பய விவரமானவன்"னார்.