மெயினை அணைத்தால் போதுமா?

மின்சாரத்துக்கு நிறமில்லை, மணமில்லை. கம்பியில் அது இருக்கிறதா, இல்லையா என்று கண் சொல்லாது, கருவிதான் சொல்லும். லேபில் தினமும் கேட்கிற இந்தப் பாடத்தை, கழுகுமலையில் எங்கள் வீட்டு டி.பி. பெட்டியின் முன்னால் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். மின்னியல் நண்பர்களுக்கு மட்டுமல்ல, சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் இது உதவும். கரண்டு எல்லார் வீட்டிலும்தானே இருக்கிறது!

விஷயம் ஆரம்பித்தது கரண்டு பில்லில். 2024 மே மாதக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டுக்கு 540 யூனிட் வந்திருந்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையில் 500 யூனிட் என்பது ஓர் எல்லைக்கோடு. அதற்குள் நின்றால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. தாண்டிவிட்டால் அதே யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. "ஏலே, கரண்டு படிக்கிற புள்ள வீட்டுல இருக்கும்போதே இப்படியா?" என்றார் அப்பா.

எந்த நேரத்தில் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று காட்டும் மானிட்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு வேண்டியது, பிளந்து மூடக்கூடிய ஒரு சி.டி. வளையம். நாங்கள் வாங்கியது 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் வகை. கம்பியை வெட்ட வேண்டாம், சுற்றி மாட்டினால் போதும். வெட்ட வேண்டாம் என்பதாலேயே பலர் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள். வளையத்தை மாட்டக் கை போகும் இடமோ டி.பி. பெட்டிக்குள்!

எங்கள் மாமா லைசென்ஸ் பெற்ற வயர்மேன். அவருடைய இடது மணிக்கட்டு இன்றும் முழுசாகத் திரும்பாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் கம்பி ஒன்றைக் கழற்றியிருக்கிறார். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பேஸ், எரிந்துகொண்டிருந்த விளக்குகள் வழியாகவே நியூட்ரல் கம்பிக்கு வந்துவிட்டது. ஒரு கையில் கழற்றிய கம்பி, மறு கை நியூட்ரல் லிங்க்கில். ஸ்டூலிலிருந்து தூக்கி எறிந்துவிட்டது. "கருப்புக் கம்பிதானேன்னு நெனச்சேன் மருமவனே. மெயின அணைச்சா வீடு இருட்டாவும், அவ்வளவுதான். கம்பி செத்துதா இல்லையான்னு நாமதான் பாக்கணும்" என்பார்.

அவர் வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தோம். முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, அதன் பிளக்கையும் உருவினோம். பிறகு மெயினை அணைத்து, அதிலிருந்த பியூஸ் கேரியர்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் இருக்கிற பியூசை இன்னொருவர் தெரியாமல் மாட்ட முடியாதல்லவா? ஈபி மீட்டரிலிருந்து வரும் கம்பியும், மெயினின் உள்வரும் முனைகளும் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். அந்தப் பக்கம் போகவே இல்லை. வாரியம் சீல் வைத்த இடத்தில் கை வைக்கும் உரிமை நமக்குக் கிடையாது.

அடுத்து டெஸ்ட் லேம்ப். பக்கத்து வீட்டுப் பிளக்கில் அது எரிகிறதா என்று பார்த்தார். பிறகு எங்கள் பெட்டியில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போய் எரிகிறது என்று உறுதி செய்தார். "இடையில பல்பு ப்யூஸ் போயிருந்தா என்ன செய்வ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியே பெரிய பாடம்.

வளையத்தைப் பேஸ் கம்பி ஒன்றில் மட்டும் மாட்ட வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்து மானிட்டர் பூஜ்யம் காட்டும். இன்னொன்று: சி.டி.யின் இரண்டாம் சுற்றைத் திறந்து வைத்துவிட்டுக் கம்பியில் மாட்டக் கூடாது. கரண்டு ஓடும் வழி அடைபட்டால் அந்த முனைகளில் வோல்டேஜ் எகிறும். ஆகவே முதலில் வளையத்தின் வயரை மானிட்டரில் செருகிவிட்டு, அதற்குப் பிறகே கம்பியில் மாட்டினோம். வோல்டேஜ் அளக்கும் இரண்டு வயர்களுக்கும் தனியாக 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டார் மாமா.

மூடுவதற்கு முன் எர்த்தையும் பார்த்தார். நம் கரிசல் மண் மழையில் களியாகும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழாயை விட்டு மண் விலகினால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். அன்று முதல் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அதற்கு ஊற்றுவது அம்மாவின் பொறுப்பு.

அன்று இரவு எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜையும் நிறுத்திய பிறகு மானிட்டர் 80 வாட் காட்டியது. சின்னக் கரண்டில் இந்த வளையம் அவ்வளவு துல்லியம் இல்லை. ஆகவே ஈபி மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை எண்ணினேன். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று மீட்டரில் போட்டிருந்தது. நிமிஷத்துக்கு நாலு தடவைக்குக் கொஞ்சம் மேலே மினுக்கியது, கணக்கு ஒத்துவந்தது. எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் ஆள் அகப்பட்டார்: இன்வெர்ட்டர்! பேட்டரி கிழடாகி, நிறையாமலே இழுத்துக்கொண்டிருந்தது. 80 வாட் என்பது அற்பம்தான். ஆனால் 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 115 யூனிட். பேட்டரியை மாற்றினோம். கோடையும் தணிந்ததால் அடுத்த கணக்கெடுப்பில் 500-க்குக் கீழே வந்துவிட்டோம்.

நண்பர்களே, முன்பு 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் சொன்னதைப் போலவே, 2023-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் பல்பு, பியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர மற்ற வயரிங் வேலையை உரிமம் பெற்றவர்கள் மூலமே செய்யச் சொல்கின்றன. டிப்ளமோ கையில் வந்தவுடன் ஊரில் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். "தம்பி, கரண்டு படிச்சவருதானே, இத கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அப்போது கூச்சப்படாமல், "வயர்மேன் வரட்டும், அண்ணாச்சி" என்று சொல்லக் கற்றுக்கொள்வோம். கருவியைக் கேட்காமல் கம்பியைத் தொடுவதில்லை என்று இன்றே முடிவெடுப்போம். யூனிட்டை மிச்சப்படுத்தப் போய் உயிரைச் செலவு செய்யலாமா?