முலூன் ஓடையில் கற்ற பாடம்

கான்பராவில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு ஒரு ஜூலை மாதம் போயிருந்தேன். "எங்கேப்பா போகலாம்?" என்று கேட்டாள். "முலூன் ஓடையைக் காட்டும்மா" என்றேன். சிட்னிக்குப் போகலாம் என்பேன் என்று காத்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கான்பராவுக்குக் கிழக்கே, பங்கன்டோர் என்ற சிற்றூரைத் தாண்டி, பிரெய்ட்வுட் போகும் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஓடை வந்துவிடுகிறது. பாலத்தைக் கடக்கும்போது கண் அசந்தால் தெரியாது, அவ்வளவு சின்னது. தெற்கே மலைக்காட்டில் பிறந்து, வடக்கு நோக்கி ஓடி, ரீடி ஓடையோடு சேர்ந்து ஷோல்ஹேவன் ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரை வறட்சிக் காலத்தில் சிட்னியின் குடிநீருக்கும் எடுக்கிறார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. ஒரே பருவத்தில் கொட்டாமல் எல்லா மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது. ஆனாலும் ஓடை ஒரே சீராக ஓடுவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். நான் போன காலையில் புல்லெல்லாம் உறைபனி. வெயில் குறைவு, மண்ணில் ஈரம் நிறைவு; அதனால் சிறு மழைக்கும் ஓடையில் நீர் வருகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. அதே அளவு மழை பெய்தாலும் வெயிலும் புல்லும் குடித்துவிடும், ஓட்டம் மெலியும்.

வெள்ளையர் குடியேறும் முன் இந்தப் பக்கத்து ஓடைகள் பலவும் வரிசையாகச் சின்னச் சின்ன மடுக்களாக இருந்தன. நடுவே கோரையும் நாணலும் மண்டிக் கிடந்தன. வெள்ளம் வந்தால் அவற்றில் தடைப்பட்டு, பரவி, மெல்ல நகரும். 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து, ஆடு மாடுகளை விட்டு மேய்த்தார்கள். கோரை போனது. வெள்ளம் படுகையை அறுத்து ஆழமான வாய்க்கால் ஆக்கிவிட்டது. ஓடையின் தரை இறங்கினால் கரையோர நிலத்தின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். புல்வெளி காய்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2006ஆம் ஆண்டை ஒட்டி, பண்ணை உரிமையாளர் டோனி கூட், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற விவசாயியின் யோசனையைக் கேட்டு, கல், மரத்துண்டு, செத்தை கொண்டு தாழ்வான தடுப்பணைகள் அமைத்தார். இவை கசியும் அணைகள். சாதாரண நாளில் இடுக்கு வழியே நீர் கசியும். வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போகும். பின்னால் வண்டல் படிந்து கோரை முளைக்கும். பிறகு அந்த வேலையைக் கோரையே பார்த்துக்கொள்ளும். பின்னாளில் பக்கத்துப் பண்ணையாளர்கள் பலரும் சேர்ந்துகொண்டார்கள்.

"மேலே தடுத்தால் கீழே இருப்பவனுக்கு என்ன மிஞ்சும்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அணை தாழ்வாகவும் கசிவதாகவும் இருக்க வேண்டியது இதற்காகத்தான். முதலில் கரைமண் நனையக் கொஞ்சம் நீர் பிடிக்கும். நனைந்த மண் மழையில்லா நாளில் அதை மெல்லத் திருப்பிக் கொடுக்கும். மழையே பொய்த்தால் எந்த அணையும் தண்ணீரை உண்டாக்காது என்பதும் உண்மை.

அந்தக் கரையில் நின்றபோது என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஊர் ஓடையில் கோரையை எல்லாம் வழித்தெடுத்து நேராக்கச் சொன்னவன் நான். அந்த ஆண்டு வெள்ளம் விறுவிறுவென்று வடிந்தது, ஊரே பாராட்டியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் கரையோரக் கிணறுகள் சித்திரைக்கு முன்பே வற்றத் தொடங்கின. மழை குறைவு என்று சமாதானம் சொன்னேன்.

வரும் கோடையில் உங்கள் ஊர் ஓடைக்குள் இறங்கி ஒருமுறை நடந்து பாருங்கள். பெரியவர்கள் நினைவில் இருப்பதைவிடத் தரை ஆழமாகிவிட்டதா என்று கேளுங்கள். எங்கே கோரை நிற்கிறது, எங்கே கரை அறுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கல் அடுக்குவது ஊராட்சியிடம் அனுமதி பெற்ற பிறகுதான். கோரையை வழிக்காமல் விடுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.