பல்லக்கும் புரவி நடையும்

மட்டாஞ்சேரிக்குச் சென்று வந்தவர்கள் மிளகையும் சுக்கையும் பற்றி எழுதுவதே வழக்கம். நாம் எழுதப் புகுவதோ குதிரையைப் பற்றி. காயலும் படகும் நிறைந்த ஊரில் குதிரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். அந்த எண்ணம் எழுந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மட்டாஞ்சேரி அரண்மனையை 1555-ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் அதனைப் புதுப்பித்தமையால் 'டச்சு அரண்மனை' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இராமாயணச் சுவரோவியங்களைக் கண்டு மகிழ்ந்தபின், அங்கே காட்சிக்கு வைத்துள்ள பல்லக்கின் முன் நின்றோம். உடன் வந்த நண்பரின் மகன், "ராஜா குதிரையில் போகமாட்டாரா, மாமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பதினான்காம் நூற்றாண்டில் மலையாளக் கரை வழியே சென்ற இபின் பதூதா, இந்நாட்டில் விலங்கின்மீது ஏறிச் செல்வார் இல்லை என்றும், அரசனிடம் மட்டுமே குதிரைகள் உண்டு என்றும், மற்றையோர் நடந்தோ ஆட்கள் சுமக்கும் பல்லக்கிலோ செல்வர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். பல்லக்குச் சுமப்போர் அடி தவறாது ஒத்து நடப்பர். உள்ளே இருப்பவர் உடல் குலுங்காது. அதுவே பல்லக்கின் பெருமை.

இந்தக் குலுங்காத நடையைக் குதிரையிடமே பெற்றவர்களும் இந்தியாவில் உண்டு. அரண்மனையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் குஜராத்தித் தெரு வருகிறது. வாணிகத்தின்பொருட்டுக் கச்சு, கத்தியவார்ப் பகுதிகளிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களுடைய பழைய நாட்டில்தான் காதுகள் உள்நோக்கி வளைந்த கத்தியவாரிக் குதிரை வளர்கிறது. இதற்கும், இதன் உறவான இராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரைக்கும் 'ரெவால்' என்னும் மென்னடை உண்டு. பொதுவாகக் குதிரை துள்ளி ஓடுகையில், முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்றும் ஒருசேர எழுந்து விழும். ஏறியிருப்பவரும் எழுந்து விழுவார். மென்னடையிலோ கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. குலுக்கல் அடங்கிவிடுகிறது.

இந்நடை குட்டிக்கு எவ்வாறு வருகிறது? இதற்கு 2012-இல் ஒரு விடை கிடைத்தது. சுவீடன் நாட்டு உப்சாலா நகர அறிஞர் குழுவினர் ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்து, 'டிஎம்ஆர்டி3' என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்து மாற்றமே நடையை மாற்றுகிறது என்று கண்டனர். கால்களின் அசைவை ஒழுங்குபடுத்தும் தண்டுவட நரம்புகளில் அது வேலை செய்கிறது. பின்னர் 141 இனங்களைச் சோதித்தபோது, 68 இனங்களில் அம்மாற்றம் காணப்பட்டது.

மாற்றத்தின் இரு படிகளையும் உடைய குதிரையை, அஃது அறவே இல்லாத குதிரையோடு சேர்த்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் ஒரு படியே பெறும். அவற்றுள் சில மென்னடை நடக்கும். சில துள்ளியே ஓடும். அத்தகைய இரண்டைச் சேர்த்தாலோ, சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று இரு படிகளையும் பெறும். ஒன்று யாதும் பெறாது. ஆகவே பெற்றோரிடம் வெளிப்படாத நடை பிள்ளையிடம் தோன்றுவதும் உண்டு. உயரமோ பல மரபணுக்கள் கூடித் தருவது. உயரத்தை நாடி மார்வாரிக் குதிரையைப் பந்தயக் குதிரையோடு கலப்பவர்கள் உயரத்தைப் பெறலாம். நடையும் கூடவே வரும் என்னும் உறுதி இல்லை.

எனினும் குருதி மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்திறங்கியதையும், அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததையும் கூறுகிறார். உயர்ந்த ஆண்குதிரையையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும், கால் கோணிய நோஞ்சான் குட்டியே பிறந்ததாம். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தனர் என்றும், பேணும் முறை அறிந்தார் இல்லை என்றும் அவரே குறிக்கிறார். பெற்றோரின் குருதியில் குறை இருந்ததாக அவர் சொல்லவில்லை.

மாலையில் கொச்சிக் கோட்டைப் பக்கம் வேளியில் உள்ள சலவைத் துறைக்குச் சென்றோம். டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டனர் என்று சொல்லப்படும் தமிழ்க் குடும்பத்தார் இன்றும் அங்கே துணி வெளுக்கின்றனர். கொடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்த மூதாட்டி நம் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊரு தம்பி?" என்று தமிழில் விசாரித்தார். நண்பர் மகனைக் காட்டி, "இவன் வெளியூரில் பிறந்தவன், அம்மா. தமிழ் வருமோ வராதோ என்று கவலையாக இருக்கிறது" என்றார். அம்மூதாட்டி சிரித்து, "வீட்டிலே பேசினா வராமப் போகுமா?" என்றார்.

நண்பர் மறுமொழி சொல்லவில்லை. குதிரை நடைக்கேனும் ஒரு மரபணு உண்டு. தமிழுக்கு அதுவும் இல்லை. மென்னடைக் குருதியோடு பிறந்த குட்டியைக்கூடப் பயிற்றுவோர் பயிற்றினால்தான் அந்த நடை செம்மையாகப் படிகிறது. நம் மக்களுக்கு மொழி முழுவதும் பேணுவோர் கையிலேயே இருக்கிறது. தீனி அறியாது வளர்த்த குதிரைக்குட்டிக்கு நேர்ந்தது நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு நேராதிருக்க வேண்டும்.

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில் அப்பையன் பல்லக்குச் சுமப்போரைப்போல் அடியெடுத்து வைத்து நடந்து காட்டினான். "இதற்குத் தமிழில் என்ன பெயர், அப்பா?" என்று கேட்டான். நண்பர் நின்று சொல்லிக் கொடுத்தார். படகு சற்றுத் தாமதித்து வந்தது நன்றாகவே போயிற்று.