கல்பிட்டிக் களப்பில் ஓர் இறப்பர் படகு

புத்தளத்திலிருந்து கொழும்புப் பக்கமாகச் சிறிது தூரம் வந்தால் பாலாவிச் சந்தி. உப்பளங்களைப் பார்த்தபடி அங்கே திரும்பும் பாதை நுரைச்சோலை, ஆலங்குடா எனப் பல ஊர்களைக் கடந்து கல்பிட்டியில் போய் முடிகிறது. இடது புறம் பெருங்கடல், வலது புறம் களப்பு, நடுவே நாடா போல ஒரு நிலத்துண்டு. 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அங்கே களப்பைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது.

என் மனைவியின் குடும்பம் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அவ்வாறு வந்த ஒரு வள்ளத்தில் என் மாமியும் இருந்தார். மடியில் ஏழு வயது மகள். அவள்தான் இன்று என் வீட்டுக்காரி. அன்று கரையில் கால் வைத்த மாமி அதன் பின் எந்தப் படகிலும் ஏறியதில்லை. மாமா மீன்பிடித் தொழிலுக்குத் திரும்பிய பிறகும், கரைக்குச் சாப்பாடு கொண்டு போவாரே தவிர, தண்ணீரில் பாதம் நனைக்க மாட்டார்.

கடந்த ஏப்ரல் விடுமுறையில் நாம் அங்கு போயிருந்தபோது, மச்சான் ஒரு புதினமான சாமானைக் காட்டினார். நாடு திரும்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய காற்றடிக்கும் இறப்பர் படகு. பதினோரு அடி நீளம். கூடவே எட்டுக் குதிரை வலு மோட்டார் ஒன்று. பைபர் வள்ளங்களில் தொழில் செய்யும் அயலவர்கள் "என்ன, மெத்தையில கடலுக்குப் போறீங்களா?" என்று பகிடி பண்ணினார்களாம்.

சுபஹுக்குப் பின் கரையில் விரித்தோம். மூன்று காற்றறைகள், அடியில் ஏரா போல நான்காவது ஒன்று. நான் கால் பம்பை மிதித்து ஓர் அறையை முழுவதும் நிரப்பப் போனேன். மச்சான் தடுத்தார். ஓர் அறை கல்லாகவும் பக்கத்து அறை வெறுமையாகவும் இருந்தால், நடுவிலுள்ள தடுப்புத் துணி இழுபட்டுப் பழுதாகிவிடும். எல்லாவற்றையும் முதலில் பாதி பாதி நிரப்பி, பிறகு தரைப் பலகைகளை இட வேண்டும். முன் பலகை, பின் பலகை, கடைசியாக நடுப்பலகைகள் இரண்டும் கூடாரம் போல நிமிர்ந்து நிற்கும். அவற்றைக் காலால் அழுத்தினால் 'டக்' என்று படியும். எனக்கு மூன்று தடவை படியவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு மணலையும் தட்டிவிட்டார் மச்சான். பலகைக்கும் இறப்பருக்கும் இடையே அகப்படும் மணல் அரம் மாதிரி அராவிவிடுமாம். பின்னர் மூன்று அறைகளையும் முழுமையாக நிரப்பி, அடி அறையை இறுதியில் ஊதினோம். வெயிலில் கிடந்தால் உள்ளே காற்று பெருத்துத் தையல் விடும் என்பதால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தளரும், அப்போது மறுபடி மிதிக்க வேண்டும். காற்றைப் பிடித்து வைப்பதிலும் இத்தனை கணக்கு!

மோட்டாரைப் பின்பலகையின் நடுவில் மாட்டி, இரண்டு திருகுகளையும் கையால் முறுக்கினார். விசிறிக்கு மேலேயுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அது உயர்ந்தால் விசிறி காற்றைக் குடித்துச் சும்மா சுழலும். மோட்டாரை ஒரு கயிற்றாலும் படகோடு கட்டினார். திருகு தளர்ந்து களப்பில் விழுந்த மோட்டார்களின் கதை அவ்வூரில் நிறைய உண்டு. லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய் கலந்து, தாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, குழாயின் குமிழ் இறுகும் வரை பிசைந்தார்.

உயிர்காப்பு அங்கிகள் மூன்றுதான் இருந்தன. ஆகவே மூவர்தான் போக முடியும் என்றார் மச்சான். என் மகனுக்குப் பெரிய அங்கியை இறுக்கிக் கட்டலாமே என்றேன். "நழுவித் தலைக்கு மேலால வந்திடும் மச்சான், வேண்டாம்" என்றார். மகன் அழுதான். நானும் மச்சானும் ஏற, மூன்றாவது இடத்துக்கு என் மனைவி வர மறுத்துவிட்டாள். அப்போதுதான் மாமி செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, "அதக் கொண்டாங்க மருமகன்" என்று அங்கிக்குக் கை நீட்டினார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் கொக்கிகளை மாட்டிவிட்டேன்.

மாமியை நடுவிலும் என்னை அணியத்திலும் இருக்க வைத்தார் மச்சான். ஒருவர் மட்டும் பின்னால் இருந்து ஓட்டினால் இந்தப் படகின் முகம் வானத்தைப் பார்க்கும். எதிர்க் காற்று அடித்தால் கவிழ்த்தும் விடும். சிவப்புச் சுருள் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டினார். ஓட்டுபவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு கழன்று மோட்டார் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமிட்டு வந்து, விழுந்தவரையே விசிறியால் வெட்டும். மோட்டார் பிடித்ததும் அதன் பின்னால் சிறு தண்ணீர்த் தாரை பீறிட்டது. அது வருகிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொன்னார். வரவில்லையென்றால் மோட்டார் குளிரவில்லை என்று பொருள்.

இடையில் என்னிடமும் சுக்கான் பிடியைத் தந்தார். வலப்புறம் போக இடப்புறம் தள்ள வேண்டும். வலமிருந்து இடமாக வாசித்துப் பழகிய எனக்கு இது இலகு என்று எண்ணினேன். படகு பாம்பு போல நெளிந்தது. மாமி சிரித்தார்.

கிழக்கே ஒரு கண்டல் திட்டு வரை போய்ச் சிறிது நேரம் நின்றோம். புத்தளம் களப்பு முந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் ஆழம் ஓராள் உயரம்தான். கண்ணாடி போன்ற தண்ணீரில் கடற்புல் சாய்ந்து ஆடுவது தெரிந்தது. மாமி கையை உள்ளே விட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார். இரண்டொரு தடவை பேச்சுக் கொடுத்தேன். பதில் வரவில்லை, விட்டுவிட்டேன்.

அங்கே தாமதித்ததுதான் பிழை. பத்தரை மணிக்கு மேற்கிலிருந்து காற்று எழும்பிவிட்டது. சோளகக் காலத்து வேகம் இல்லை. ஆனாலும் பதினோரு அடிப் படகுக்கு அது போதும். எதிர் அலையில் மெதுவாக வந்து கொண்டிருக்கும்போது, தாரை நின்றதை நான் கண்டேன். மச்சான் உடனே மோட்டாரை நிறுத்தித் தூக்கினார். தண்ணீர் உறிஞ்சும் வாயிலும் விசிறியிலும் கடற்புல் கற்றையாகச் சுற்றியிருந்தது. அவர் பின்னால் சாய்ந்து அதைப் பிடுங்கத் தொடங்கினார். படகு குறுக்கே திரும்பியது. கரை பின்வாங்கத் தொடங்கியது. நான் துடுப்பைத் தேடித் தடுமாறினேன்.

"முதல்ல நங்கூரத்தப் போடு மகன்!"

மாமியின் குரல்தான். மச்சான் நிமிர்வதற்குள் அவரே காலடியில் கிடந்த சிறு நங்கூரத்தை எடுத்து, அணியத்தால் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். போட்டேன்; பிடிக்கவில்லை, இழுபட்டது. "கயிற்ற இன்னும் விடுங்க. ஆழத்தப் போல நாலு மடங்கு விடுங்க" என்றார். விட்டேன். கயிறு விறைத்தது, படகின் முகம் காற்றுக்குத் திரும்பியது, ஆட்டம் அடங்கியது. பத்து நிமிடத்தில் புல்லை முழுதாக எடுத்து, மோட்டாரைப் பிடித்து, தாரை வருவதைப் பார்த்த பிறகே நங்கூரத்தைத் தூக்கினோம்.

கரைக்குக் கிட்டும்போது மாமி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அண்டைக்கு எங்கட வள்ளத்தில நங்கூரம் இல்ல. சாமான் ஏத்த எடம் வேணுமெண்டு கரையிலேயே போட்டுட்டு வந்தாங்க" என்றார். இதை என் மனைவியும் கேட்டதில்லையாம்.

வீட்டில் பீப்பாய் நிறையக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை அதற்குள் நிறுத்திச் சில நிமிடங்கள் ஓடவிட்டார் மச்சான், உப்பு கழுவுப்பட. படகை நிழலில் காய வைத்தோம். மாமி தம் அங்கியைத் தாமே அலசிக் கொடியில் போட்டார். சிறுவர் அங்கி ஒன்றுக்குக் கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறோம். மகன் நாள்தோறும் கேட்கிறான், இன்னும் வந்து சேரவில்லை.